ஆற்றில் கலந்ததை அளப்பது எப்படி? செசபீக் விரிகுடாவின் நாற்பது ஆண்டுக் கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்காமலே போட்டுவிட்டு, போட்டது என்ன, எவ்வளவு என்று ஆற்றையே அளந்து கண்டுபிடிக்கும் வேலை அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நாற்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. செசபீக் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகளைப் பற்றித்தான் சொல்கிறேன். இவ்வளவு காலமாக, இவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் விரிகுடாக்கள் உலகத்தில் அதிகம் இல்லை. அப்படியிருந்தும், "தண்ணீர் சுத்தமாகிறதா, இல்லையா?" என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல அங்கே ஆள் கிடையாது. கருவிகள் மோசம், ஆட்கள் சோம்பேறிகள் என்பதெல்லாம் காரணமில்லை. அளக்கப் போகிற பொருளே அப்படிப்பட்டது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். விரிகுடாவின் நீளம் சுமார் 320 கிலோமீட்டர். சராசரி ஆழம் ஆறரை மீட்டர்கூட இல்லை. இந்த ஆழமில்லாத தண்ணீரில் வந்து வடியும் நிலமோ ஏறத்தாழ 1,66,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைவிடப் பெரியது. நியூயார்க், பென்சில்வேனியா, டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா என்று ஆறு மாநிலங்களின் பகுதிகளும் தலைநகர் வாஷிங்டனும் அதற்குள் வருகின்றன. பென்சில்வேனியாவில் கடலையே பார்க்காத ஓர் ஊரில் வயலுக்குப் போட்ட மாட்டுச் சாணம், ஓடை வழியாக சஸ்குவஹானா ஆற்றுக்குப் போய், அங்கிருந்து விரிகுடாவுக்கு வந்து சேர்கிறது. விரிகுடாவுக்கு வரும் நன்னீரில் பாதியைக் கொண்டுவருவது அந்த ஒரே ஆறுதான்.

வந்து சேர்பவற்றில் மூன்றைத்தான் கணக்கில் வைக்கிறார்கள்: நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல். முதல் இரண்டும் விஷமல்ல, உரம். வயலில் பயிரை வளர்க்கிற அதே சத்து தண்ணீரில் பாசியை வளர்க்கிறது. பாசி செத்து அடியில் படியும்போது அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. கோடைகாலத்தில் விரிகுடாவின் ஆழமான நடுப்பகுதியில் மீனும் நண்டும் மூச்சுவிட முடியாத ஒரு மண்டலம் வருடாவருடம் உருவாகிறது. வண்டல் வெளிச்சத்தை மறைக்கிறது; அடியில் வளரும் கடற்புல் வெளிச்சமில்லாமல் அழிகிறது. 1972 ஜூனில் வந்த ஆக்னஸ் புயல் வெள்ளம் கொட்டிய மண்ணில் புல்வெளிகள் பெருமளவு அழிந்தன. அதற்குப் பிறகுதான் விரிகுடாவின் நிலைமையை முறையாக ஆராய வேண்டும் என்ற எண்ணமே வலுத்தது. 1983இல் மாநிலங்களும் மத்திய அரசும் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம், தொழிற்சாலை போன்றவற்றிலிருந்து வரும் கழிவுக்கு ஒரு குழாய் வாய் உண்டு. அந்த வாயில் நின்று அளந்துவிடலாம், அபராதமும் போடலாம். மழை கழுவிக்கொண்டு வருவதற்கு வாய் கிடையாது. வயல், புல்தரை, வீட்டு முற்றம், வாகன நிறுத்துமிடம், கோழிப்பண்ணை என்று எல்லா இடத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அதை அளக்க ஒரே வழி, எல்லாம் சேர்ந்து ஓடையில் இறங்கிய பிறகு ஓடையில் பிடிப்பது. வந்தது யாருடையது என்பது அதற்குள் கலைந்துபோயிருக்கும்.

பலரும் நினைப்பது, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் மாசின் அளவு தெரிந்துவிடும் என்று. தெரிவது செறிவு மட்டும்தான்: ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம். விரிகுடாவுக்குத் தேவையான கணக்கு வேறு. மொத்தம் எத்தனை டன் வந்து விழுந்தது என்பதுதான் அதற்கு முக்கியம். செறிவை நீரோட்ட அளவால் பெருக்கினால்தான் அந்தச் சுமை கிடைக்கும்.

கணக்குப் போட வசதியான எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய ஆற்றில் சாதாரண நாளில் வினாடிக்கு 1,000 கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது, லிட்டருக்கு 10 மில்லிகிராம் வண்டல் இருக்கிறது என்றால், ஒரு நாளைக்கு 864 டன் மண் போகிறது. பெருவெள்ளத்தில் ஓட்டம் 20,000 கன மீட்டராகிறது, செறிவு 2,000 மில்லிகிராமாகிறது. ஓட்டம் 20 மடங்கு, செறிவு 200 மடங்கு. சுமையோ 4,000 மடங்கு. ஒரு நாளைக்கு 34 லட்சம் டன்னுக்கு மேல். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால், மீதி நாட்களில் எவ்வளவு ஒழுங்காக அளந்தாலும் ஆண்டுக் கணக்கு பொய்யாகிவிடும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 2011 செப்டம்பரில் லீ புயலின் மழையால் சஸ்குவஹானாவில் வந்த வெள்ளம், ஆறு விரிகுடாவில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள கோனோவிங்கோ அணையில் வினாடிக்கு 20,000 கன மீட்டரைத் தாண்டியது. 2002 முதல் 2011 வரையிலான பத்தாண்டுகளில் அந்த இடத்தைக் கடந்த மொத்தத் தண்ணீரில் இந்த வெள்ளத்தின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை கணக்கிட்டது. நைட்ரஜனில் பங்கு 5 சதவீதம். பாஸ்பரஸில் 22 சதவீதம். வண்டலில் 39 சதவீதம்! பத்து வருட மண்ணில் ஐந்தில் இரண்டு பங்கு சில நாட்களில் போய்விட்டது. செயற்கைக்கோள் படங்களில் விரிகுடாவின் மேல்பாதி பழுப்பாகத் தெரிந்தது.

அதனால்தான் அங்கே மாதிரி எடுக்கும் அட்டவணையே வேறு மாதிரி இருக்கிறது. விரிகுடாவில் விழும் ஒன்பது முக்கிய ஆறுகளின் கடைசி நிலையங்களில் 1985 முதல் அளவீடு நடக்கிறது. மொத்த வடிநிலத்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் இந்த ஒன்பது நிலையங்களுக்கு மேற்புறத்தில் அடங்கிவிடுகிறது. 2004க்குப் பிறகு உள்ளே இருக்கும் ஓடைகளுக்கும் கிளை ஆறுகளுக்கும் வலைப்பின்னலை விரித்து, இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே முறையில் அளக்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் வருடத்துக்குக் குறைந்தது 20 மாதிரி: மாதம் ஒன்று வீதம் 12, மழை வெள்ள நேரத்தில் 8. அந்த எட்டுக்கு நாள் குறிக்க முடியாது. வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஞாயிறு நள்ளிரவில் ஆறு ஏறினால் ஞாயிறு நள்ளிரவில் பாலத்துக்குப் போக வேண்டும்.

பாலத்தில் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி மேலே தூக்கினால் தண்ணீர் கிடைக்கும், ஆனால் அது ஆற்றின் மேற்பரப்பு மட்டும்தான். மணல் அடியில் ஓடும், நுண்ணிய களிமண் மேலே மிதந்து வரும், கரையோரத் தண்ணீர் நடுநீரைவிட மெதுவாக நகரும். ஆகவே ஆற்றின் அகலத்தைச் சம இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் மீன் வடிவத்தில் வார்த்த கனமான உலோகக் கருவி ஒன்றைச் சிறிய கிரேன் மூலம் இறக்குகிறார்கள். கருவிக்குள் பாட்டிலோ பையோ இருக்கும். முன்னால் குறுகிய மூக்கு. ஒரே வேகத்தில் அடிவரை இறக்கி, அதே வேகத்தில் மேலே ஏற்ற வேண்டும். ஆறு ஓடும் வேகத்திலேயே தண்ணீர் மூக்கு வழியாக உள்ளே நுழையும்படி வடிவமைத்திருக்கிறார்கள். வேகம் மாறினால் மண் துகள்கள் கூடவோ குறையவோ உள்ளே போய்க் கணக்கைக் கெடுத்துவிடும். இப்படி எல்லா இடைவெளிகளிலும் பிடித்ததை ஒரே கலத்தில் ஊற்றி, மண் அடியில் படியாமல் கலக்கிக்கொண்டே சிறு பாட்டில்களில் பிரிக்கிறார்கள். கரைந்த சத்துகளுக்கான பங்கை அங்கேயே வடிகட்டி, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இத்தனையும் கொட்டும் மழையில், பக்கத்தில் லாரிகள் பறக்க, கீழே முழு மரங்கள் மிதந்துவர நடக்கும் வேலை. அறிக்கையின் வரைபடத்தில் இது ஒரு புள்ளியாக இருக்கும்.

அந்தப் புள்ளி வெள்ளத்தின் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்பதும் முக்கியம். பல ஓடைகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே வண்டல் உச்சத்தைத் தொட்டுவிடும். கரையிலும் படுகையிலும் ஏற்கெனவே உதிரியாகக் கிடக்கும் மண்ணை முதல் அலை வாரிக்கொண்டு போவதுதான் காரணம். வெள்ளம் வடியும்போது அதே அளவு தண்ணீரில் பாதி மண்கூட இருக்காது. பாஸ்பரஸ் பெரும்பாலும் மண் துகளில் ஒட்டிக்கொண்டு வருவதால் அதுவும் மண்ணோடு ஏறி இறங்கும். நைட்ரஜனின் முக்கிய வடிவமான நைட்ரேட் அப்படி இல்லை. அது தண்ணீரில் கரைந்து, நிலத்தடி வழியாக ஓடைக்கு வருவது. மழைநீர் மேலாகப் பாய்ந்து வரும்போது நீர்த்துப்போய், பல இடங்களில் வெள்ளத்தின்போது நைட்ரேட் செறிவு குறைந்தே காணப்படும். அமைதியான, தெளிந்த, பார்த்தால் குடிக்கலாம் போல இருக்கும் ஓடையில்தான் நைட்ரேட் அதிகம். கண்ணை நம்பிக் கண்காணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது சில நிலையங்களில் தண்ணீருக்குள்ளேயே உணரிகளைப் பொருத்திவிட்டார்கள். நைட்ரேட் புற ஊதா ஒளியை உறிஞ்சும். ஒளி எவ்வளவு குறைந்தது என்று பார்த்துச் செறிவைக் கணிக்கலாம். கலங்கலை அளக்கும் உணரி மண்ணுக்கும் பாஸ்பரஸுக்கும் துப்புக் கொடுக்கும். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எண் வந்துகொண்டேயிருக்கும். ஆனால் உணரியின் கண்ணில் பாசி படியும், குப்பை சுற்றிக்கொள்ளும், வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அது சொல்வது சரியா என்று பார்க்க மறுபடியும் பாலத்தில் ஆள் நிற்க வேண்டும். மின்கடத்துதிறன் உணரிக்கு மட்டும் ஒரு தனிப் பெருமை உண்டு: பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். பால்டிமோரின் புறநகர் ஓடைகளில் குளிர்கால குளோரைடு சில வேளைகளில் கடல்நீரின் கால் பங்கு அளவுக்கு ஏறியதை ஆய்வாளர்கள் 2005இல் பதிவு செய்தார்கள். கடலுக்குப் போகும் வழியிலேயே ஓடை உப்பாகிவிட்டது.

சரி, மாதிரி எடுத்தாயிற்று, சுமையும் கணக்கிட்டாயிற்று. போன வருடத்தைவிட இந்த வருடம் நைட்ரஜன் குறைந்திருக்கிறது என்றால் கொண்டாடலாமா? போன வருடம் நல்ல மழை, இந்த வருடம் வறட்சி என்றால் குறையாமல் என்ன செய்யும்? மே மாதக் கரண்ட் பில்லையும் டிசம்பர் பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புது ஃபேன் வாங்கியதால் மிச்சம் என்று சொல்வது மாதிரிதான் அது. மழையின் கைவரிசையைக் கழித்துவிட்டு மனிதன் செய்த மாற்றத்தை மட்டும் பிரித்தெடுக்க ஒரு முறை தேவைப்பட்டது. புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் ஹிர்ஷும் உடன் பணியாற்றியவர்களும் 2010இல் அப்படி ஒரு புள்ளியியல் முறையை வெளியிட்டார்கள். காலம், நீரோட்டம், பருவம் மூன்றையும் சேர்த்து எடைபோட்டு, "வழக்கமான மழை பெய்திருந்தால் இந்த ஆண்டின் சுமை எவ்வளவாக இருந்திருக்கும்?" என்று அது கணிக்கிறது. செசபீக் பற்றிய போக்குகளெல்லாம் இப்போது இந்த முறையில்தான் சொல்லப்படுகின்றன. இதற்கு நீண்ட காலத் தரவு வேண்டும். ஐந்து வருடத் தரவு போதாது. பட்ஜெட் இல்லை என்று நடுவில் நாலு வருடம் நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்கினால், போன நாலு வருடம் போனதுதான்.

போக்குகளைப் பார்த்தால் பட்டக்சன்ட் ஆறும் சாப்டாங்க் ஆறும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இரண்டும் மேரிலாந்துக்காரர்களே. பட்டக்சன்ட், வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடைப்பட்ட புறநகர்களை நனைத்துக்கொண்டு வருவது. சுத்திகரிப்பு நிலையங்களின் கழிவில் நைட்ரஜன் பெருகி ஆறு கெட்டுப்போனபோது, ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த மூன்று கவுண்டிகள் (நம் மாவட்டங்கள் மாதிரி) 1970களின் இறுதியில் மாநில அரசின் மீதும் மத்திய சுற்றுச்சூழல் முகமையின் மீதும் வழக்குப் போட்டன. அதில் முன்னால் நின்றவர் பெர்னி ஃபௌலர். பிறகு மாநில செனட்டரானார். சின்ன வயதில் மார்பளவு தண்ணீரில் நின்று நண்டு பிடிக்கும்போது தன் கால் விரல்கள் தெரியும் என்பார். 1988 முதல் ஒவ்வொரு ஜூன் மாதமும் வெள்ளை ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு, ஊர்க்காரர்களோடு கைகோத்து ஆற்றில் இறங்கி, ஷூ கண்ணுக்கு மறையும் இடத்தில் நின்றுவிடுவார். உடுப்பில் எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறது என்று கரையில் வைத்து டேப்பால் அளப்பார்கள். 2021இல் அவர் காலமானார். விஞ்ஞானிகள் கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கிச் செய்கிற அதே அளவீடுதான் இது; ஆனால் பத்திரிகைக்காரர்களை ஆற்றுக்கு வரவழைத்தது ஷூதான். 1985இல் மேரிலாந்து பாஸ்பேட் கலந்த சலவைத்தூளைத் தடைசெய்தது, 1990களில் சுத்திகரிப்பு நிலையங்கள் நைட்ரஜனையும் நீக்கத் தொடங்கின, பட்டக்சன்டின் மேல்பகுதி நிலையத்தில் சுமை இறங்கியது தெளிவாகவே தெரிந்தது. குழாய் வாய் இருந்த இடத்தில் அடைக்க முடிந்தது.

சாப்டாங்க் விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள தட்டையான விவசாய பூமியில் ஓடுவது. சோளம், சோயா, கோழிப்பண்ணைகள். கோழி எருவை வருடக்கணக்கில் கொட்டி வயல் மண்ணில் பாஸ்பரஸ் ஏறிப்போன பகுதி அது. அங்கே அடைக்க வாயில்லை. கிரீன்ஸ்பரோ ஊரில் உள்ள நிலையத்தில் நைட்ரஜன் பல பத்தாண்டுகளாக ஏறுமுகம். விவசாயிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. அறுவடைக்குப் பிறகு வயலைச் சும்மா விடாமல், மண்ணில் மிஞ்சிய நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும் மூடுபயிர் விதைக்க மேரிலாந்து அரசு பணம் கொடுக்கிறது, ஏராளமானவர்கள் விதைக்கவும் செய்கிறார்கள். இருந்தும் ஓடையில் எண் இறங்கவில்லை. ஒரு பெரிய காரணம் பூமிக்கடியில் இருக்கிறது. செசபீக் வடிநிலத்தின் ஓடைகளுக்கு வரும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி நிலத்தடி நீர் வழியாக வருகிறது. கிழக்குக் கரை மணற்பாங்கில் வயலிலிருந்து ஓடைக்கு அது வந்துசேர 20 முதல் 40 வருடம் பிடிக்கலாம். இன்றைக்குப் பாட்டிலில் பிடிக்கும் நைட்ரேட்டில் ஒரு பகுதி, இன்றைய விவசாயியின் அப்பா போட்ட உரம். இன்றைக்குப் போடும் மூடுபயிரின் பலன் அடுத்த தலைமுறையின் பாட்டிலில் தெரியலாம்.

கோனோவிங்கோ அணை இதைவிடச் சிக்கலான ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. 1928இல் கட்டிய நீர்மின் அணை அது. பல பத்தாண்டுகள் சஸ்குவஹானாவின் மண்ணையும் அதில் ஒட்டிய பாஸ்பரஸையும் தன் நீர்த்தேக்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே விரிகுடாவுக்கு உபகாரம் செய்துகொண்டிருந்தது. இப்போது நீர்த்தேக்கம் ஏறத்தாழ நிரம்பிவிட்டது. வருவது அப்படியே தாண்டிப் போகிறது, பெருவெள்ளத்தில் பழைய படிவும் கிளம்பிப் போகிறது. மேலே பென்சில்வேனியாவில் பாஸ்பரஸ் குறைந்தாலும் அணைக்குக் கீழே எடுக்கும் மாதிரியில் அது தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். அணைக்கு மேலும் கீழும் நீண்ட கால நிலையங்கள் இருந்ததால்தான் இதைக் கண்டுபிடிக்கவே முடிந்தது. 2018 ஜூலையில் மதகுகளைத் திறந்தபோது கட்டைகளும் குப்பையும் மிதந்து மேரிலாந்தின் தலைநகர் அனாபலிஸ் வரை போய்ப் படகுத்துறைகளை அடைத்தன. தொலைக்காட்சிகள் கட்டையைத்தான் காட்டின. பாஸ்பரஸைக் காட்ட முடியாது அல்லவா.

இதற்கெல்லாம் நடுவில் சட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 2010 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் முகமை விரிகுடாவுக்கு ஆண்டுச் சுமை வரம்பு விதித்தது: 18.59 கோடி பவுண்டு (ஒரு பவுண்டு சுமார் 450 கிராம்) நைட்ரஜன், 1.25 கோடி பவுண்டு பாஸ்பரஸ், 645 கோடி பவுண்டு வண்டல். தேவையான நடவடிக்கைகளுக்கு 2025 கெடு. சுத்திகரிப்பு நிலையங்கள் தங்கள் பங்கை ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே, 2016 வாக்கில் முடித்துவிட்டன. விவசாயத்திலும் நகர்ப்புற மழைநீரிலும்தான் இழுபறி. நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் இலக்கு முழுதாக எட்டவில்லை.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். இலக்கு எட்டியதா என்று மாநிலங்கள் சொல்வது பாலத்தில் எடுத்த மாதிரியை வைத்து அல்ல. எத்தனை ஏக்கரில் மூடுபயிர், எத்தனை மைல் ஓடைக்கரையில் மரம், எத்தனை பண்ணையில் மாடு ஓடைக்குள் இறங்காமல் வேலி என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை, ஆற்றுக்கு எவ்வளவு மாசு வரும் என்று கணிக்கும் கணினி நிரலில் போட்டு வரும் விடைதான் அதிகாரபூர்வக் கணக்கு. ஒவ்வொரு வேலிக்கும் இவ்வளவு பவுண்டு குறையும் என்று ஒரு மதிப்பெண். ஆறு என்ன சொன்னாலும் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும். கணினிக் கணிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த ஓடைக்கு எந்த வேலை பலன் தரும் என்று முன்கூட்டித் திட்டமிட அது இல்லாமல் முடியாது. ஆனால் வேலியை எண்ணுவது சுலபம், ஆற்றை அளப்பது கஷ்டம், சுலபமான எண்ணைத்தான் அரசுகளுக்குப் பிடிக்கிறது. மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து நடத்தும் விரிகுடாத் திட்டத்தின் அறிவியல் ஆலோசனைக் குழு 2023இல் வெளியிட்ட விரிவான மதிப்பீடு இதை மரியாதையான மொழியில் சொன்னது: பரவலாக வரும் மாசைக் குறைக்கச் செய்த செலவுக்கு, எதிர்பார்த்த அளவு பலன் தண்ணீரில் தெரியவில்லை. எண்ணிய வேலைக்குப் பணம் தருவதற்குப் பதில், அளந்து தெரிந்த பலனுக்குப் பணம் தரும் முறையையும் முயன்று பார்க்கலாம் என்பது அதில் வந்த யோசனைகளில் ஒன்று.

பலனுக்குப் பணம் என்றால் பெரிய ஆற்றின் கடைசிப் பாலத்தில் அளந்தால் போதாது. பண்ணைக்குப் பக்கத்து ஓடையிலேயே அளக்க வேண்டும். அதற்கு ஒரு முன்னோட்டம் 2010 முதல் நாலு சிறு வடிநிலங்களில் நடந்தது: வர்ஜீனியாவில் ஸ்மித் கிரீக்கும் டிஃபிகல்ட் ரன்னும், மேரிலாந்தில் செஸ்டர் ஆற்றின் மேல்பகுதி, பென்சில்வேனியாவில் கோனவேகோ கிரீக். ஸ்மித் கிரீக் சுண்ணாம்புக்கல் பூமி; மாட்டுப் பண்ணைகளின் நைட்ரேட் பாறை வெடிப்புகளில் இறங்கி ஊற்றாக வெளிவருகிறது, ஓடைக்கரையில் மரம் நட்டாலும் மரத்தின் வேருக்கு அடியிலேயே கடந்துவிடுகிறது. வாஷிங்டன் புறநகரின் டிஃபிகல்ட் ரன்னில் பிரச்சினை வேறு: கூரையிலும் சாலையிலும் விழுந்த மழை ஒரே பாய்ச்சலாக இறங்கி ஓடைக்கரையையே அரித்து மண்ணாக்கிவிடுகிறது. ஒன்றில் அமைதியான நாளில் அளக்காவிட்டால் ஏமாந்துபோவோம், மற்றதில் மழை நாளில் அளக்காவிட்டால் ஏமாந்துபோவோம். இரண்டுக்கும் ஒரே அட்டவணை, ஒரே மானியம், ஒரே மதிப்பெண் என்று வைத்தால் எந்த விவசாயிக்கு எவ்வளவு பணம் என்பதை எந்த எண்ணை வைத்து முடிவு செய்வது? மாநிலங்கள் இப்போது இந்தக் கேள்வியில்தான் நிற்கின்றன.